பழக்கிவிட்டுப் போகும் என்கிறார்கள்

வயதான நாய் இருக்கிற வீட்டுக்கு ஒரு யோசனை எப்படியும் வந்து சேர்ந்துவிடும். "அண்ணாச்சி, கெழடு இருக்கும்போதே ஒரு குட்டியக் கொண்டாந்து விட்ருங்க. அதுவே எல்லாத்தையும் பழக்கி விட்டுட்டுப் போயிரும்." எங்களுக்கு அதைப் பால்காரர் சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார், தடுப்பூசி போட வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். எல்லோரும் எங்கள்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். சொன்னதில் தப்பு என்று எதையும் எடுத்துக் காட்டவும் முடியாது. இருந்தும் அந்த வாக்கியம் எனக்குள் இறங்க மறுத்தது. கிழநாயின் சாவு அதில் ஏற்கனவே கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது. அது இல்லாத வீடு எப்படியிருக்கும் என்ற கவலை, அது இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. போதாததற்குக் கடைசிக் காலத்தில் அதற்கு ஒரு வேலையும் ஒதுக்கியிருக்கிறோம்: தன் இடத்துக்கு வரப்போகிறதைத் தானே தயார் செய்துவிட்டுப் போக வேண்டும். இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது வெள்ளையன் நடையில் சிவப்புச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் வயிற்றை அழுத்திப் படுத்துக் கிடக்கும். முன்பெல்லாம் தன் பெயர் அடிபட்டால் காதைத் தூக்கும். இப்போது காது மந்தமாகிவிட்டதால் யார் பேசினாலும் வாயைத்தான் பார்க்கிறது. அதன் தலைக்கு மேலேயே அதன் வாரிசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அது எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளையன் ராஜபாளையம் சாதி. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீளக் கால். அஞ்சல் துறை 2005இல் நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த இனம். புது ஆளிடம் சட்டென்று குழையாது. நாங்கள் அதை வளர்த்ததும் அதற்காகத்தான். தெரியாதவர் படியேறினால் குரைக்க வேண்டும், குரைத்தால் தட்டிக்கொடுப்போம். இந்த ஒப்பந்தம் மிகப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. வீரனோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்நியனைத் தடுத்த நாய்க்கு அன்றைக்கே கல்லில் பெயர் எழுதிய ஊர் இது. அப்படியிருக்க, ஒரு நாள் நாமே ஒரு அந்நியக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வருகிறோம். கிழநாய் எழுந்து நிற்கிறது, முதுகு மயிர் சிலிர்க்கிறது, தொண்டைக்குள் உறுமுகிறது. "ஏய், சும்மா இரு!" என்கிறோம். எதைச் செய்ததற்காக வாழ்நாளெல்லாம் மெச்சினோமோ அதைச் செய்ததற்காக அன்றைக்கு அதட்டுகிறோம். நாயின் பக்கம் நின்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம்! அதை யாரும் அதற்கு ஈடுசெய்வதில்லை.

கருப்பி வந்தது மழை ஓய்ந்த சமயம். பஞ்சாலைச் சுற்றுச்சுவரோரம் பிறந்த குட்டிகளில் மிஞ்சியது. அம்மா முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தெருக்குட்டியை நேராகக் கொண்டுபோய்ப் பெரிய நாயின் முன்னால் இறக்கிவிடக் கூடாது என்பதற்கு மனசைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு, பார்வோ. 1978 வாக்கில் உலகமெங்கும் ஒரே வீச்சில் பரவிய வைரஸ் அது. குட்டியின் குடலை அரித்து ரத்தமாகக் கழியவைக்கும். கழிச்சலில் வெளியேறிய கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறேழு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரைக்கும் தொடர் ஊசி என்று போட்டு முடித்தால்தான் நிம்மதி. பெரிய நாய்க்கும் அதன் முறை தவறாமல் ஊசி போயிருக்க வேண்டும். ஆகவே கருப்பியைப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். நோய்க்காகச் செய்த அந்தத் தடுப்புதான் அறிமுகத்தின் மிக நல்ல பகுதியாக அமைந்தது. வெள்ளையன் கதவின் கீழ் இடைவெளியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. மூச்சு சின்னச் சின்னதாக, விட்டுவிட்டு, வேகமாக ஓடும். கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் இருக்கும், மறுபடி ஓடும். மூக்கிலிருந்து வடிந்த ஈரம் சிமெண்டில் இரண்டு பொட்டாகத் தேங்கி நின்றது. உள்ளேயிருந்து குட்டியின் மூக்கும் அதே இடத்துக்கு வரும். இரண்டு மூச்சுக்கும் நடுவில் ஒரு விரற்கடை மரம். நாய்க்கு மேல்வாயில் இன்னொரு மோப்ப உறுப்பும் இருக்கிறது, மூத்திரத்திலும் உடம்பிலும் உள்ள செய்திகளை மட்டும் வாசிப்பதற்கென்று. பெட்டையா, கடுவனா, எத்தனை சின்னது, பயந்திருக்கிறதா என்பதெல்லாம் பார்ப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். குட்டி படுத்த சாக்கை வெளியே போட்டோம், வெள்ளையன் படுத்த சாக்கை உள்ளே போட்டோம். வெள்ளையன் குட்டியின் சாக்கின் நான்கு மூலையையும் முகர்ந்துவிட்டு, நடுவில் காலை வைக்காமல் சுற்றிக்கொண்டு போயிற்று. குரைக்கவில்லை. நாம் கண்ணால் நடத்தி வைக்கிற அறிமுகம் அதற்கு எவ்வளவு பிந்தியது என்று அப்போது தோன்றியது.

இரண்டும் முதலில் சந்திக்கிற இடம் இரண்டுக்குமே சொந்தமில்லாததாக இருக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. சரியான பேச்சு. ஆனால் பூங்காவுக்கோ மைதானத்துக்கோ கூட்டிப்போகச் சொல்கிறார்களே, நம் ஊரில் தெருநாய்கள் படுத்துப் புரளாத மைதானம் ஏது? ஊசி முடியாத குட்டியை அங்கே இறக்குவது அபாயம். எதிர்வீட்டு அக்காவின் கொல்லையில் நாய் வளர்த்ததே இல்லை, சுற்றிலும் சுவர் இருந்தது, அங்கே கூட்டிப்போனோம். நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது; நாய்களுக்கு நேராக முகம் பார்த்து வருவது மரியாதையில்லாத காரியம். பக்கவாட்டில், இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்த வேண்டும். கயிறு தளர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நம் கைப் பதற்றம் கயிற்று வழியாகக் கழுத்துக்குப் போய்விடும். வெள்ளையன் வாலை ஆட்டியது. "பாத்தியா, சந்தோசப்படுது" என்றார் அக்கா. நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் பாரி, திரியெஸ்தே நகரத்து ஆய்வாளர்கள் 2007இல் ஒரு விஷயம் கண்டு சொன்னார்கள்: தன் வளர்ப்பாளரைப் பார்க்கும்போது நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாக வீசுகிறது, முன்பின் தெரியாத, முறைப்பான நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. வெறுங்கண்ணுக்கு எளிதில் பிடிபடுகிற வித்தியாசம் அல்ல அது. எனக்கும் பிடிபடவில்லை. ஆனால் வாலாட்டம் என்றாலே மகிழ்ச்சி என்று எழுதிவைத்துக்கொண்டிருக்கிறோமே, அது எவ்வளவு அவசரப்பட்ட முடிவு என்பது புரிந்தது. உயரத் தூக்கி விறைப்பாக, சின்ன வீச்சாக ஆடிய வால் அன்றைக்கு வெள்ளையனுடையது. குட்டி தரையோடு தரையாக ஒட்டி, காதுகளைப் பின்னால் மடித்து, புரண்டு மல்லாந்து, இரண்டு சொட்டு மூத்திரத்தையும் விட்டது. வெள்ளையன் அந்த ஈரத்தை முகர்ந்தது. பிறகு வால் தாழ்ந்தது.

வீட்டுக்குள் வந்தபிறகுதான் உறுமல். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. உறுமுகிற நாயை நாம் பொல்லாத நாய் என்கிறோம். ஆனால் உறுமல் வருவதற்கு முன்னால் அது எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். வெள்ளையன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. கருப்பி வருகிறது. வெள்ளையன் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. கருப்பி இன்னும் ஒரு அடி. வெள்ளையன் நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொள்கிறது, பசியில் நக்குவது அல்ல, ஒரே ஒரு தடவை, சட்டென்று. கொட்டாவி விடுகிறது. கருப்பி தாவுகிறது. வெள்ளையனின் உடம்பு கட்டையாகிறது, மூச்சு நிற்கிறது, கண்ணோரத்தில் வெள்ளை பிறையாகத் தெரிகிறது. அப்புறம்தான் உறுமல். அதற்கும் குட்டி அடங்காவிட்டால் காற்றில் ஒரு கடி, பல் மேலே படாமல். நார்வே நாட்டுப் பயிற்றுநர் டூரிட் ருகாஸ் இந்தச் சின்னச் சின்னச் சைகைகளையெல்லாம் வரிசையாகக் கவனித்து எழுதியிருக்கிறார். சண்டையைத் தவிர்ப்பதற்காக நாய்கள் பேசுகிற பேச்சு இது என்பது அவர் கருத்து. இந்தப் பேச்சின் கடைசிச் சொல் உறுமல். அதையும் அதட்டி அடக்கிவிட்டால் நாய் என்ன செய்யும்? உறுமக் கூடாது என்று கற்றுக்கொள்ளும், ஆனால் உறுமவைத்த பயமும் வலியும் அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். "ஒண்ணுமே பண்ணல, திடீர்னு கடிச்சிருச்சு" என்று சொல்லப்படுகிற பெரும்பாலான கதைகளுக்குப் பின்னால், யாரோ பல நாளாக அடக்கிவைத்த உறுமல் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

குட்டிக்கும் அந்த உறுமல் தேவை. அதன் வாயில் ஊசி ஊசியாக இருபத்தெட்டுப் பால்பற்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்த குட்டிகளிடமும் தாயிடமும்தான் படிக்க வேண்டும். தெருவிலிருந்து தனியாக வந்த குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை நடத்தக்கூடிய ஒரே ஆள் வீட்டிலிருக்கிற பெரிய நாய்தான். வயது வந்த நாய்கள் பொதுவாகக் குட்டிகளுக்கு ஒரு விலக்கு கொடுக்கின்றன. காதைக் கடிக்கலாம், வாலைப் பிடித்து இழுக்கலாம், மேலே ஏறிக் குதிக்கலாம், நான்கைந்து மாதம் வரைக்கும். அப்புறம் குட்டியின் வாடை மாறுகிறது, விலக்கும் முடிகிறது. நேற்றுவரை பொறுத்துக்கொண்டதை இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளாமல் பெரிய நாய் முகவாயால் அமுக்கிப் பிடிக்கும்போது வீட்டுக்காரர்கள் பதறிப்போகிறார்கள். அதில் ரத்தம் வராதவரை, குட்டி விலகியதும் பெரியது விட்டுவிடுகிற வரை, நாம் நடுவில் புகக் கூடாது. புக வேண்டிய சமயமும் உண்டு. குட்டிக்கு அசதி வந்தபின் அடங்கத் தெரியாது. பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டிய பிராயம் அது, தூங்காவிட்டால் வெறிபிடித்ததுபோலக் கடிக்கும். அப்போது தூக்கிக்கொண்டு போக வேண்டியது குட்டியைத்தான், கிழநாயை அல்ல. எத்தனை வீடுகளில் உறுமினதற்காகப் பெரிய நாயைக் கொல்லையில் கட்டிப்போடுகிறார்கள்!

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் தலைவன் கதையைச் சொல்வார். நாய்க்கூட்டத்தில் தலைவன் ஒன்றுதான், அது யார் என்று அதுகளே அடித்துக்கொண்டு முடிவு பண்ணும், விட்டுவிடு என்பார். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் 1947இல் போய் நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் எழுதியது. உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் போட்டால் என்ன நடக்குமோ அதை அவர் எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் நூல் அந்தத் தலைவன் கருத்தை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு அவரே வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தார். அடித்துப் பிடித்த தலைமை என்று அங்கே ஒன்றுமில்லை. ஓநாய்க்கூட்டம் என்பது அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும். 1999இல் அதைக் கட்டுரையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தாரிடம் பலமுறை கேட்டார். தான் எழுதி விற்றுக்கொண்டிருந்த ஒன்றைத் தவறென்று கண்டு நிறுத்தச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவர் நிறுத்தினாலும் நம் தெருவில் அந்தக் கதை நிற்கவில்லை. அதன் பேரில் எத்தனை கிழநாய்கள் தங்கள் கடைசிக் காலத்தில் காது கிழிந்து கிடந்தன என்பதற்குக் கணக்கில்லை. வெள்ளையனுக்கு முதலில் சோறு வைக்கிறோம், வெளியிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் தடவிக்கொடுக்கிறோம். அது தலைவன் என்பதற்காக அல்ல. இத்தனை காலம் அப்படித்தான் நடந்தது, அந்த நடைமுறையில் எதுவும் குறையவில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும்.

குறைந்தால் தெரியுமா என்றால், தெரியும். வியன்னாவில் ஃப்ரீடெரிக்கே ராங்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கை கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்குத் தின்னக் கொடுத்தார்கள், இன்னொன்றுக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காத நாய் கொஞ்ச நேரத்தில் கை கொடுப்பதை நிறுத்திவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதே நாய் தனியாக இருக்கும்போது ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வெகுநேரம் கை கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒன்றுக்கு ரொட்டி, மற்றதற்கு இறைச்சி என்று கொடுத்தபோது அந்த வித்தியாசத்தை நாய்கள் பொருட்படுத்தவில்லை. தரத்தில் அவற்றுக்கு வழக்கில்லை. தனக்கு இல்லை, பக்கத்தில் இருப்பதற்கு உண்டு என்பதுதான் வழக்கு. இதைப் பொறாமை என்று சொல்லலாமா என்று எனக்கு நிச்சயமில்லை. கலிஃபோர்னியாவில் 2014இல் வளர்ப்பாளரைக் குரைக்கிற பொம்மை நாய் ஒன்றைக் கொஞ்சவைத்துப் பார்த்தார்கள். வீட்டு நாய்கள் நடுவில் புகுந்து முட்டின, பொம்மையைத் தள்ளின. பொறாமைதான் என்றார்கள் ஆய்வாளர்கள். பொம்மையை நிஜ நாய் என்று நினைத்துச் செய்ததாகவும் இருக்கலாமே என்றார்கள் மற்றவர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்ன ஒப்புமை வேறு: தம்பிப் பாப்பா பிறந்தால் மூத்தது ஏங்குகிறதே, அது மாதிரி. நான் அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். மூத்த பிள்ளைக்கு அம்மாவின் வயிறு பெருப்பது தெரிகிறது, பாப்பா வரப்போகிறது என்று மாதக்கணக்கில் சொல்கிறோம், அது ஏங்கினால் மடியில் வைத்துச் சமாதானம் சொல்லவும் பாஷை இருக்கிறது. நாய்க்கு இதில் எதுவுமே இல்லை. ஒரு மத்தியானம் முந்தானை விரிகிறது, உள்ளேயிருந்து ஒரு உயிர் இறங்குகிறது, அவ்வளவுதான்.

பொறாமை, கோபம், பொல்லாத்தனம் என்று நாம் பேர்வைக்கிற பலவும் வெறும் வலியாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளையனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. அது நொண்டவில்லை, கத்தவில்லை. ஆகவே எங்களில் யாருக்கும் அது வலியாகத் தோன்றவில்லை. எழுந்திருக்கும்போது முன்னங்காலால் உடம்பை இழுக்கும். நடைப்படிக்கு முன் கொஞ்சம் யோசிக்கும். சிவப்புத் தரையில் பின்னங்கால் வழுக்கிக்கொண்டு போகும். கிழநாய்கள் வலியை இப்படித்தான் சொல்கின்றன. அந்த இடுப்பின்மேல்தான் கருப்பி ஓடிவந்து விழுந்தது. போதாததற்குச் செவிட்டு உறக்கம். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் நிறைய. தப்பித்தவற்றுக்கும் வயதானால் மந்தம். யாரோ வருகிற சத்தம் கேட்காமல் தூங்குகிற உடம்பின்மேல் திடீரென்று நகங்களும் இருபத்தெட்டுப் பல்லும் இறங்கினால் எந்தப் பிராணியும் திரும்பிக் கவ்வத்தான் செய்யும். மருத்துவர் வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். (வீட்டிலிருக்கிற பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாயின் ஈரலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது நஞ்சு.) தரையில் சாக்கு விரித்தோம், குட்டி ஏறமுடியாத உயரத்தில் வெள்ளையனுக்கு ஒரு மூலை ஒதுக்கி, அது வழுக்காமல் ஏறச் சாய்வாகப் பலகை போட்டோம். மருந்து உள்ளே போக ஆரம்பித்தபின் உறுமல் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதிதான் அறிமுகத்தின் சிக்கல். முதல் பாதிக்கும் குட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

பெரிய நாயே குட்டியைப் பழக்கிவிடும் என்ற அந்த யோசனையில் உண்மையும் இருக்கிறது. கருப்பி முருங்கை மரத்தடிக்குப் போய்த்தான் மூத்திரம் விடுகிறது, நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றுவிடுகிறது. பால்காரருக்குக் குரைப்பதில்லை, பழைய இரும்பு எடுக்க வருகிற சைக்கிளுக்குக் குரைக்கிறது. எல்லாம் வெள்ளையனைப் பார்த்துப் படித்தது. ஒரு சாயங்காலம் நடந்ததைப் பற்றி இன்னும் எனக்குத் தெளிவில்லை. கருப்பி வழக்கம்போல வெள்ளையனின் வாயோரத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஓநாய்க் குட்டிகள் இப்படி நக்கித்தான் வேட்டையிலிருந்து வந்த பெரியவற்றிடம் இரை கேட்கும், அவை வயிற்றிலிருந்து கக்கிக் கொடுக்கும். நம் வீட்டுக் குட்டிகளிடமும் அந்தப் பழக்கம் மிஞ்சியிருக்கிறது. வெள்ளையன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று, முதுகை வளைத்து, தின்ற சோற்றைக் கக்கியது. கக்கிவிட்டு இரண்டு அடி தள்ளிப்போய் நின்றுகொண்டது. "ஐயோ, அவனுக்கு வயிறு சரியில்ல போல" என்று அம்மா சாம்பல் எடுக்க ஓடினாள். அவள் வருவதற்குள் கருப்பி தரையைத் துடைத்து வைத்திருந்தது. வாழ்நாளில் ஒரு குட்டியைக்கூடப் பக்கத்தில் பார்த்திராத கடுவன் அது. வயிற்றுக் கோளாறா, கொடுத்ததா? மறுபடி அது நடக்கவில்லை. கொடுத்தது என்று நம்ப ஆசையாக இருக்கிறது, அந்த ஆசை எனக்கு வசதியானது என்பதால் அதன்மேல் சந்தேகமும் இருக்கிறது. குட்டி வந்தபின் கிழநாய்க்கு வயது குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களிடமும் எனக்கு இதே சந்தேகம்தான். ஒன்று மட்டும் கண்ணால் கண்டது: கேட் சத்தம் வெள்ளையனுக்குக் கேட்பதில்லை. கருப்பியின் தலை திரும்புவதைப் பார்த்து அது எழுந்துபோய்க் குரைக்கிறது. பழக்கிவிட்டுப் போகும் என்றார்கள். யார் யாரிடம் படிக்கிறது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஆனால் விட்டுவிட்டுப் போகிறதே, அதைப் பற்றி யோசனை சொன்னவர்கள் எதுவும் சொல்லவில்லை. மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2022இல் ஒரு ஆய்வு வந்தது. இரண்டு நாய் வளர்த்து ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரிடம் கேட்டிருந்தார்கள். மிச்சமிருந்த நாய்கள் விளையாட்டைக் குறைத்துக்கொண்டன, தீனியைக் குறைத்துக்கொண்டன, கூடுதலாகத் தூங்கின, வீட்டாரை ஒட்டிக்கொண்டே திரிந்தன. எத்தனை வருடம் சேர்ந்திருந்தன என்பது அதில் பெரிய வித்தியாசம் பண்ணவில்லை, எவ்வளவு ஒட்டியிருந்தன என்பதுதான் பண்ணியது. அதாவது நாம் அறிமுகத்தை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவுக்குக் குட்டியின் பங்கில் ஒரு துக்கத்தையும் சேர்த்து வைக்கிறோம். நடை காலியாகக் கிடக்கும் என்ற நம் பயத்துக்காக ஒரு குட்டியைக் கொண்டுவருகிறோம். அந்தப் பயத்தைக் கிழநாயின் இடுப்பும் குட்டியின் பிற்கால ஏக்கமும் சேர்ந்து சுமக்கின்றன. இதைச் சொன்னால் அம்மா, "அதுக்காக அந்தக் குட்டிய மில்லுச் சுவத்துலயே விட்டுட்டு வந்திருக்கணுங்கிறியா?" என்று கேட்கிறாள். அப்படிச் சொல்லவில்லை. கருப்பி அங்கே பிழைத்திருக்காது. அம்மா செய்தது சரி. எனக்குள்ள தகராறெல்லாம், வாரிசு வேண்டும் என்பதற்காகவே போய்க் குட்டி எடுத்து வருகிறவர்களோடுதான்.

அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பெரிய நாய்க்குக் காதும் கண்ணும் காலும் ஓரளவு நன்றாக இருக்கிறபோதே குட்டியைக் கொண்டுவாருங்கள், கடைசி வருடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். கொண்டுவந்தால் அதன் தட்டு, அதன் மூலை, உங்கள் பக்கத்தில் அது தனியாகப் படுத்திருக்கிற நேரம், இவற்றில் எதையும் குட்டிக்குப் பங்குபோடாதீர்கள். அது உறுமினால் வாயை அடக்காமல் குட்டியைத் தூக்குங்கள். கண் மங்கி, இடுப்பு விழுந்து, இரவில் திசை தெரியாமல் சுவரைப் பார்த்து நிற்கிற நிலைக்கு அது ஏற்கனவே வந்துவிட்டிருந்தால் அது இருக்கும்வரை வேறு நாய் வேண்டாம். எழுந்திருக்கும்போது அது முன்னங்காலால் உடம்பை இழுக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இழுத்தால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போய் அதன் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டியைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.